தும்மல் மாதிரிதான் என்றாள் சுல்மீரா

நான் சொல்லப்போவது சத்தியமான கதை. இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், நான் கறி அடைத்துக் கட்டிக்கொண்டிருக்கும் இந்தப் பன்றிக்குடல் வெடித்து உள்ளே இருக்கும் கறி முழுவதும் என் மூஞ்சியில் அடிக்கட்டும். ஏன் சிரிக்கிறீர்கள்? சரி, சரி. கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன். ஒரு முழம் நடந்தால் ஒன்பது முழம் சொல்வது என் பிறவிக்குணம், இனிமேல் திருந்தவா போகிறேன்? ஆனால் அந்த ஒரு முழம் நடந்தது. வலி வரும் இடங்களில் மட்டும் நான் இழுக்கவில்லை. அங்கே இழுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

சுல்மீராவைச் சொல்ல வேண்டுமென்றால் அவள் அம்மா ஃபெலிஸ்மீனாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஃபெலிஸ்மீனா மாதாமாதம் மூன்று நாள் செத்துப்போவாள். நான்காம் நாள் எழுந்து கோழிக்குத் தீனி போடுவாள். அந்த மூன்று நாளும் ஜன்னல் கதவுகளைச் சாத்தி, அடுப்பில் சுட்ட கூரையோடு ஒன்றைக் கம்பளித் துணியில் சுற்றி வயிற்றில் வைத்துக்கொண்டு, "மாதாவே, என்னை எடுத்துக்கோ, இப்பவே எடுத்துக்கோ" என்று அலறுவாள். அவள் அலறினால் எல்லைக்கு அந்தப்பக்கம் ஸ்பெயின் நாட்டு நாய்கள் குரைக்கும். இங்கே போர்ச்சுகலில் நம் நாய்கள் பழகிப்போய்ப் படுத்திருக்கும்.

சுல்மீராவுக்கு அப்போது ஆறு வயது. அம்மாவின் இரண்டு குதிகாலையும் பிடித்து அமுக்கிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அவளுடைய வேலை. மற்ற பிள்ளைகள் வெளியே ஓடிப் பிடித்து விளையாடும் சத்தம் கேட்கும். இருட்டில் அம்மாவின் முகம் தெரியாது, பல் மட்டும் தெரியும்.

"நல்லா பாத்துக்கோடி" என்பாள் ஃபெலிஸ்மீனா. "எங்கம்மாவுக்கு இருந்துச்சு. எனக்கு வந்துச்சு. உனக்கும் வரும். நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு இதான் சீதனம்."

"எப்பம்மா வரும்?"

"வரும் வரும். அவசரப்படாத."

பிள்ளை அவசரப்படவில்லை. ஆனால் அவள் வயிறு அவசரப்பட்டது. ஒன்பது வயதிலேயே, அம்மா படுக்கும் நாளில் இவளுக்கும் அடிவயிற்றில் பிசைய ஆரம்பித்தது. இரத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை, வலி மட்டும் வந்து முன்கூட்டியே இடம் பிடித்துக்கொண்டது. அம்மாவிடம் சொன்னாள். ஃபெலிஸ்மீனா, பிள்ளை பரீட்சையில் முதல் மார்க் வாங்கி வந்ததைப்போல அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

பதிமூன்றில் உண்மையாகவே வந்தது. அன்றிலிருந்து சுல்மீராவின் மாதத்துக்குக் கணக்கு வேறு. மூன்று நாள் வலி. அதற்கு முன்னால் ஏழு நாள் பயம். ஏழு நாள் முன்பே வயிறு கல்லாகும், தோள் காதுவரை ஏறிக்கொள்ளும், சூப்புக் கிண்ணத்தைப் பார்த்தால் குமட்டும். இரத்தம் வந்து சேர்வதற்குள் பாதி உயிர் தீர்ந்துபோயிருக்கும். முதலில் பயம் வரும், அப்புறம் வலி வரும், கடைசியில்தான் இரத்தம் வரும். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை கடைசியாக வந்து சேர்வதைப்போல.

பதினெட்டு வயதில் கழுதை மேல் உட்காரவைத்து டவுன் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். நாலு மணி நேரப் பயணம். டாக்டர் பார்த்தது ஒரு நிமிஷம். அதிலும் பாதி நிமிஷம் தன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நரம்பு" என்றார். "கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிடும்."

பண்ணி வைத்தார்கள். மாப்பிள்ளை அபீலியு. நல்ல மனுஷன், கட்டடவேலைக்காரன், ஒரு வருஷத்துக்கு மொத்தமாகப் பன்னிரண்டு வார்த்தை பேசுவான். அவன் வந்தான், வலி போகவில்லை. இரண்டும் ஒரே படுக்கையில் படுத்துக்கொண்டன. சுல்மீரா வலியில் சுருண்டு கிடக்கும்போது அபீலியு கட்டிலைச் சுற்றிச் சுற்றி வருவான், ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டுவான், அப்புறம் வெளியே போய் விறகு பிளப்பான். அந்த வீட்டில் நாலு தலைமுறைக்குப் போதுமான விறகு இருந்தது.

அபீலியுவின் அக்கா பெர்பேத்துவாவை உங்களில் பலருக்குத் தெரியும். போன வருஷம்தான் போய்ச் சேர்ந்தாள். இருபத்தைந்து வயதில் விதவையாகி, அதற்கப்புறம் ஊரையே தன் புருஷனாக நினைத்து அதட்டிக்கொண்டிருந்தவள். சுல்மீரா படுக்கும்போதெல்லாம் வாசலில் நின்று கேட்பாள்:

"என்னடி, மகாராணிக்கு மறுபடியும் நரம்பா?"

சுல்மீரா பதில் சொல்ல மாட்டாள். டாக்டர் சொன்னார், நாத்தனார் சொன்னாள், ஊர் சொன்னது. கொஞ்ச நாளில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வலி நிஜமா, தான் பொய்யா? இந்தச் சந்தேகம் வந்த மாதத்திலிருந்து வலி இன்னும் கூடியது. நம்பவைப்பதற்காகவே அது தன் குரலை உயர்த்திக்கொண்டதைப்போல.

அப்புறம் தீப்பிடித்தது.

சுல்மீராவுக்கு இருபத்திரண்டு வயது. ஆகஸ்ட் மாதம். பெர்பேத்துவாவின் வைக்கோல் போர் எரிந்தது. காற்று ஊரைப் பார்த்து வீசியது. காலை முதல் மாலைவரை ஊரே ஆற்றுக்கும் போருக்கும் இடையில் ஓடியது. சுல்மீரா நானூறு குடம் சுமந்தாள். சரி, நாற்பது. புருவம் பொசுங்கியது, உள்ளங்கை கொப்பளித்தது. பொழுது சாயும் நேரத்தில் நெருப்பு அடங்கி, கரி பூசிய முகங்களோடு எல்லாரும் ஆற்றங்கரையில் விழுந்து கிடந்தோம். அப்போதுதான் அவள் தன் காலைப் பார்த்தாள். கணுக்கால்வரை இரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. காய்ந்த அளவைப் பார்த்தால் காலையிலேயே வந்திருக்க வேண்டும்.

நாள் முழுவதும் அவளுக்கு வலிக்கவில்லை. இல்லை, வலித்திருக்கும். எட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

பார்த்த அந்த நொடியில் வலி வந்து சேர்ந்தது. வழக்கம்போலவே, முழு எடையோடு. ஆனால் சுல்மீரா அன்றைக்கு அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பொசுங்கிய புருவத்தோடு ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் இரண்டாவது தாண்டாதவள், ஆனால் அன்றைக்கு அவள் போட்ட கணக்கை எந்த வாத்தியாரும் போட்டதில்லை. இந்த வலியில் பாதி என் வயிற்றுக்குள் இருக்கிறது. அது உண்மையான வலி, அதை ஒன்றும் செய்ய முடியாது. மிச்சப் பாதி என் காதுக்குள் இருக்கிறது. ஆறு வயதில் அந்த இருட்டில் அம்மா ஊற்றியது.

தன் காதில் ஊற்றியதை இனி வெளியே எடுக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தனக்கு ஒரு பெண் பிறந்தால் அவள் காதில் ஒரு சொட்டு விழவிடமாட்டேன் என்று முடிவெடுத்தாள். பாதி வலியோடு அவள் தப்பித்துக்கொள்ளட்டும்.

அடுத்த வருஷமே பெண் பிறந்தது. இதலீனா என்று பெயர் வைத்தார்கள். அபீலியு பெண்ணின் முகத்தைப் பார்த்து மூன்று வார்த்தை பேசினான், அது அந்த வருஷத்தில் கால்பங்கு. அப்புறம் மற்ற ஆண்களைப்போலவே பிரான்சுக்குக் கட்டட வேலைக்குப் போனான். வீட்டில் சுல்மீராவும் பிள்ளையும் மட்டும். அன்றைக்கு ஆரம்பித்தாள்.

இந்த ஊரில் வாயில்லாத சுல்மீரா, கோமாளி சுல்மீரா ஆனது அப்படித்தான். வலி வரும் நாளில்தான் அவள் அதிகமாகச் சிரிப்பாள். துடைப்பத்தைக் கட்டிப்பிடித்து ஆடுவாள். பாதிரியார் மூக்கைச் சிந்துவதை நடித்துக் காட்டுவாள், பாதிரியாரே ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் செய்யச் சொன்னார். புனித யோவான் திருநாளில் மரச்செருப்போடு மேஜைமேல் ஏறி ஆடினாளே, மேஜைக்கால் இரண்டு உடைந்ததே, ஞாபகம் இருக்கிறதா? போர்ச்சுகல் முழுக்கத் தேடினாலும் இவளைப்போல ஒரு சிரிப்புக்காரி கிடைக்கமாட்டாள் என்று நானே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

தாங்க முடியாமல் போகும்போது, "பன்னிக்குத் தீனி வெச்சுட்டு வரேன்" என்று கொல்லைக்குப் போவாள். தொழுவத்துக் கல்சுவரில் வயிற்றை அழுத்தி, இடுப்பில் கட்டிய முன்துணியைச் சுருட்டி வாயில் திணித்துக் கடிப்பாள். பன்றி பார்த்துக்கொண்டே இருக்கும். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு பாட்டை உரக்கப் பாடியபடியே உள்ளே வருவாள். அந்த வீட்டில் உண்மை தெரிந்த ஒரே ஜீவன் அந்தப் பன்றிதான். அதையும் டிசம்பரில் வெட்டித் தின்றுவிடுவோம். அடுத்த வருஷம் புதுப் பன்றியிடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பதினான்கு வருஷம் இப்படி. ஒரு முனகல்கூட அந்தப் பெண்ணின் காதில் விழவில்லை.

இதலீனாவுக்குப் பதினான்கு வயதில் வந்தது. சுல்மீரா துணி துவைக்கும் கல்லருகே நின்றிருந்தாள். பெண் பக்கத்தில் வந்து, பாவாடையின் பின்புறத்தை இழுத்துக் காட்டினாள்.

"அம்மா, இது..."

இந்த நிமிஷத்துக்காக சுல்மீரா பதினான்கு வருஷமாகத் தயாராகியிருந்தாள்.

"அட, இவ்வளவுதானா?" என்று சிரித்தாள். "நான் கூட என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். இது தும்மல் மாதிரிடி. வரும், போகும். மூக்கைத் துடைச்சுட்டுப் போற மாதிரி துடைச்சுட்டுப் போயிட்டே இரு."

"வலிக்காதா?"

"தும்மினா வலிக்குமா? பைத்தியம்."

பெண் சிரித்தாள். முதல் மாதம் போனது, இரண்டாவது போனது, ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அவள் கொஞ்சம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று சுல்மீரா நினைத்தாள். சில நாள் முகம் வெளுத்திருக்கும். "என்னடி, வலிக்குதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். "இல்லம்மா, தும்மல்தான்" என்று பெண்ணும் சிரித்துக்கொண்டே சொல்லும்.

சுல்மீராவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மகளின் உயரத்துக்கு ஒரு மெழுகுவத்தி செய்யச் சொல்லி, அதைத் தோளில் சாத்தி மலைமேல் மாதா கோயிலுக்கு வெறுங்காலில் ஏறிப்போய் நன்றிக்கடன் செலுத்தினாள். எதற்கு நேர்ச்சை என்று யாரிடமும் சொல்லவில்லை. அபீலியு பத்திரமாகத் திரும்பி வருவதற்காக இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். அவன் அப்போது திரும்பி வரும் யோசனையிலேயே இல்லை.

இப்போது அந்த டிசம்பருக்கு வருகிறேன். இதலீனாவுக்குப் பதினேழு வயது. பெர்பேத்துவா வீட்டில் பன்றி அடித்தார்கள். இதோ நாம் உட்கார்ந்திருக்கும் இதே அடுப்படி. அப்போது வீடு அவளுடையது, இப்போது அவள் மருமகள் ஒஃபேலியாவுடையது.

முதல் நாள் ஆண்கள் வந்து பன்றியைப் பிடித்தார்கள். பெண்கள் உள்ளே வரும்போது பெர்பேத்துவா கதவருகே நின்று, ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள்: "நீ சுத்தமா?" நம் அம்மாக்கள் கேட்டது, நாமும் கேட்பது. தீட்டோடு இருப்பவள் கறியைப் பார்த்தாலே கெட்டுவிடும், தொட்டால் கேட்கவே வேண்டாம். சுத்தமில்லை என்று சொல்பவள் திரும்பிப் போவாள், யாரும் திட்டமாட்டார்கள். ஆனால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

இதலீனா கண்ணைத் தாழ்த்தாமல் சொன்னாள்: "சுத்தம் அத்தை." அன்றைக்கு அது உண்மைதான். மூன்றாம் நாள் காலையில் கதவருகே மறுபடியும் கேட்டபோதும் அதையே சொன்னாள். அன்றைக்கு அது பொய்.

மூன்றாம் நாள்தான் குடலில் கறி அடைப்பது. மரத்தொட்டியில் ஒயினிலும் பூண்டிலும் மிளகாய்ப்பொடியிலும் ஊறிய கறி. சுற்றிப் பன்னிரண்டு பெண்கள். சுல்மீரா ஒரு நீளமான குடலை ஊதி, உப்பவைத்து, டவுன் டாக்டரின் கழுத்து என்று சொல்லி அதற்கு டை கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தோம். இதலீனா புனலைப் பிடித்திருந்தாள். அவள் முகம் பன்றிக்கொழுப்பின் நிறத்துக்கு மாறியதை யாரும் கவனிக்கவில்லை. புனல் கீழே விழுந்தது. அடுத்து அவள் விழுந்தாள். நெற்றி தொட்டி விளிம்பில் மோதியது. பாவாடையில் கறை பெரிதாகப் பரவியிருந்தது.

முதலில் வாய்திறந்தது பெர்பேத்துவா.

"தூரமா இருக்கறவ தொட்டியிலேயே கைய விட்டிருக்கா! ஐயோ, எட்டுப் பேரு ஒரு வருஷம் தின்ன வேண்டிய கறிடி! வாசல்ல நின்னு சுத்தம்னு சொன்னியே, வாய் வெந்து போகாதா?"

இதலீனா தரையில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டுகொண்டாள். "முடியல அத்தை" என்றாள். "கத்தாதீங்க, முடியல."

"என்னடி முடியல? பொய் சொல்லி உள்ள வந்ததும் இல்லாம இப்ப நடிப்பு வேறயா? உங்கம்மா இருக்காளே, கல்யாணமான புதுசுல கொஞ்ச நாள் ஆடினா, அப்புறம் அவளுக்கு ஒரு நாளாவது முடியாம போயிருக்கா? ஊரைச் சிரிக்க வெச்சுட்டுத் திரியறா. அவ வயித்துல பொறந்த உனக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?"

சுல்மீரா மகளின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கையிலிருந்த மிளகாய்ப்பொடி பெண்ணின் கன்னத்தில் ஒட்டியது.

"வீட்டுக்குப் போயிருக்கலாமேடி. ஏன் வந்தே?"

"வீட்டுக்குப் போனா படுக்கணும். படுத்தா நீ பாத்துடுவே." பெண்ணுக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது. "எனக்கு உள்ள என்னமோ உடைஞ்சிருக்கும்மா. எல்லாருக்கும் தும்மல், எனக்கு மட்டும் ஆணி அடிக்கற மாதிரி இருக்கு. மூணு வருஷமா. ஒவ்வொரு மாசமும் இது உடைஞ்ச பொம்பளை, இது உடைஞ்ச பொம்பளைன்னு உள்ளேர்ந்து யாரோ சொல்லிட்டே இருக்காங்க. உங்கிட்ட எப்படிச் சொல்றது? நீ சிரிப்பே."

தன் மகள் காதில் ஒரு சொட்டும் விழாமல் பார்த்துக்கொண்டவளுக்கு, அந்தக் காதுக்குள் மூன்று வருஷமாக எது நிரம்பியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மாவின் அலறலாவது ஒரு துணையாக இருந்திருக்கும்.

"எனக்கும் வலிக்கும்" என்றாள் சுல்மீரா.

மகளின் கன்னத்தில் ஒட்டிய பொடியைத் துடைத்தாள்.

"எனக்கும் வலிக்கும்டி. முப்பது வருஷமா வலிக்குது. நீ பயந்துடக் கூடாதுன்னுதான் மறைச்சேன். உனக்கு என்ன வலியோ அதே வலிதான் எனக்கும். நீ உடைஞ்சவ இல்ல."

பெர்பேத்துவாதான் முதலில் சிரித்தாள். "யாருக்கு? உனக்கா? புனித யோவான் திருநாள்ல மேஜையை உடைச்சவளுக்கா?"

"அன்னைக்கு எனக்கு ரெண்டாம் நாள் அண்ணி."

அடுப்படி முழுவதும் சிரிப்பு வெடித்தது. நாங்கள் என்ன செய்வோம்? அவள் வாயைத் திறந்தாலே சிரித்துப் பழகியவர்கள் நாங்கள். நல்ல ஜோக் என்றுதான் நினைத்தோம். மகளைக் காப்பாற்ற அம்மா ஒரு கதை கட்டுகிறாள், அதையும் இவ்வளவு அழகாகக் கட்டுகிறாள் என்று.

"சிரிக்காதீங்க" என்றாள் சுல்மீரா. "மாதா சத்தியமா. யாராவது பாத்திருப்பீங்களே. யாராவது ஒருத்தி சொல்லுங்களேன்."

யாரும் சொல்லவில்லை. அப்புறம் அவள் ஒன்று செய்தாள். கண்ணை மூடி, தன் அம்மா ஃபெலிஸ்மீனாவின் அந்த அலறலை அலறப் பார்த்தாள். பதினேழு வருஷமாக அடக்கி வைத்த தொண்டை. வந்தது ஒரு கீச்சுக்குரல், சேவல் குஞ்சு முதன்முதலாகக் கூவிப் பார்ப்பதைப்போல. எனக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. இதை நான் இழுத்துச் சொல்லவில்லை. வந்தது.

இதலீனா மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எனக்காகப் பொய் சொல்லாதம்மா" என்றாள். "உனக்குப் பொய் சொல்லவே வராது."

கறிக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? கெட்டுப்போனது. தொட்டியை எறிவதா, பாதிரியாரைக் கூப்பிட்டு மந்திரிப்பதா என்று இரண்டு நாள் பெர்பேத்துவா யோசித்தாள். யாரையும் தொட்டியைத் தொடவிடவில்லை. அந்த இரண்டு நாளும் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று வீசியது. அடுப்புப் புகையில் தொங்கவிட்டு உலர்த்தாத கறி அந்தக் காற்றில் என்ன செய்யும்?

"காத்தாம், காத்து!" என்று இந்த இடத்தில் ஒஃபேலியா குடலைக் கீழே போட்டாள். "கறி பச்சையாப் போனதை நான் கண்ணால பாத்தேன். எங்க மாமியார் சும்மா ஒண்ணும் சொல்லல."

நாய்கள் தின்றன ஒஃபேலியா. தின்ற நாய்கள் கொழுத்து, அந்தக் குளிர்காலம் முழுக்கக் குரைப்பதற்கே சோம்பல்பட்டன. மேலே கேள்.

பிப்ரவரியில் இதலீனா பஸ் ஏறினாள். பாரிசுக்கு வெளியே அப்பன் தங்கியிருந்த தகர வீட்டுக்குப் போய், பணக்காரர்கள் வீட்டில் தரை துடைக்க ஆரம்பித்தாள். சுல்மீரா பஸ் மறையும்வரை கையை ஆட்டினாள், அடுத்த வாரம் முதன்முறையாகப் பகலில் படுத்தாள். ஜன்னலைச் சாத்தவில்லை. ஒளிக்க வேண்டிய ஆள் இல்லை என்றானதும் முனகல் தானாகவே வந்தது. பக்கத்து வீட்டார் பரிதாபப்பட்டார்கள்: "பாவம், மகளை நினைச்சுப் புலம்புறா." மாதாமாதம் மகளை நினைத்துக்கொள்கிறாள் என்று ஊர் பேசிக்கொண்டது.

எழுதத் தெரியாதவள், தபால்காரன் அனீபலைப் பிடித்து எழுதச் சொன்னாள். எல்லாக் கடிதத்திலும் கோழி, உருளைக்கிழங்கு, பனி எல்லாம் முடிந்தபிறகு கடைசியில் ஒரு வரி: எனக்கும் வலிக்கும். பாரிசிலிருந்து பதில் வரும். கோழி, பனி எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். அந்த வரிக்கு மட்டும் இருக்காது. ஒரே ஒரு தடவை, "அதை விடும்மா, பரவாயில்ல" என்று எழுதியிருந்தாள்.

ஒன்பது வருஷம் போனது. ஒரு நாள் துவைக்கும் தொட்டியருகே நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். அனீபல் கடிதத்தோடு வந்தான். வழக்கம்போல எல்லாரும் கேட்க உரக்கப் படித்தான். உரக்கப் படிக்கக் கூடாத கடிதம் என்று அவனுக்கும் பாதியில்தான் தெரிந்தது, ஆனால் நிறுத்தத் தெரியவில்லை.

"அம்மா, நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன், இப்போது வீட்டில் இருக்கிறேன், கவலைப்படாதே. மூன்று டாக்டரிடம் போனேன். சின்ன வயசு, இருபத்தாறுதான், குழந்தை வேண்டாமா என்று இரண்டு பேர் மறுத்துவிட்டார்கள். மூன்றாவது டாக்டர் சரி என்றார். உள்ளே இருந்த கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வெட்டிப் பார்த்ததில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லையாம், அதுதான் அவருக்கு ஆச்சரியம். எனக்கு ஆச்சரியம் இல்லை, உடைந்தது கண்ணுக்குத் தெரிகிற இடத்திலா இருக்கும்? இப்போது நானும் உன்னைப்போல ஆகிவிட்டேன் அம்மா. வலியே இல்லை."

சுல்மீரா ஒரு படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். அனீபல் கடிதத்தை மடித்து நீட்டினான். அவள் வாங்கவில்லை, கை ஈரமாக இருந்தது.

"நல்லா இருக்காளாம்" என்றாள். அப்புறம் அனீபலின் கால்சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருப்பதைப் பற்றி என்னமோ சொன்னாள். ரொம்ப மோசமான ஜோக், இங்கே சொல்ல முடியாது. நாங்கள் சிரித்தோம். அவள் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் நின்றுபோன பிறகும் பிழிந்தாள். விரிப்பு நடுவில் கிழிந்தது, அதற்கப்புறமும் பிழிந்தாள்.

அதுதான் அவள் சொன்ன கடைசி ஜோக். இப்போது பன்றி அடிக்கும் வீடுகளுக்கு அவள் வருவதில்லை, இன்றைக்கும் கூப்பிட்டோம், வரவில்லை. அவளுக்கு மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் ஆகிறது. இரத்தம் வருவதில்லை. ஆனாலும் நாள் தவறாமல், அதே மூன்று நாள், அதே இடத்தில் வலிக்கிறதாம். போன வாரம் என்னிடம் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

"எனக்குத் தெரியும்" என்றாள் க்ளோத்தில்தி.

மேஜையின் அந்தக் கோடியில் பூண்டு நசுக்கிக்கொண்டிருந்தவள். சுல்மீராவின் பக்கத்து வீட்டுக்காரி. இவ்வளவு நேரம் வாயைத் திறக்கவில்லை.

"என்ன தெரியும்?" என்றாள் ஒஃபேலியா.

"அவளுக்கு வலிச்சது தெரியும். எங்க கொல்லைச் சுவர்லேர்ந்து பாத்தா அவ தொழுவம் தெரியும். துணியைக் கடிச்சுட்டு நிப்பா. ஒரு தடவை, ரெண்டு தடவை இல்ல, எத்தனையோ வருஷம் பாத்திருக்கேன்."



"நீ அன்னைக்கு இங்கதானே இருந்தே?" ஒஃபேலியா எழுந்து நின்றாள். "யாராவது பாத்திருந்தா சொல்லுங்கன்னு அவ கெஞ்சினப்ப, எம் பக்கத்துலதானேடி உக்காந்திருந்தே?"

"உங்க மாமியார் கத்தின கத்துல யார் வாயைத் திறப்பா? நீ திறந்தியா?"

"எனக்குத் தெரியாதுடி! தெரிஞ்ச நீ சிரிச்சே! எம் மாமியாரை இழுக்காத, செத்தவ அவ!"

"செத்துட்டா நல்லவளா? அந்தக் கேள்வியைக் கேக்காம இருந்திருந்தா அந்தப் பொண்ணு ஏன் பொய் சொல்லுது? நீயும் இன்னைக்குக் காலையில என்னைக் கேட்டியே, சுத்தமான்னு! அறுபது வயசுக்காரியை!"

"இப்பவாவது அந்தப் பொண்ணுக்கு எழுதுங்கடி" என்று யாரோ சொன்னார்கள். "க்ளோத்தில்தி பாத்தான்னு எழுதுங்க."

"எழுதி? எடுத்ததைத் திரும்ப உள்ள வெப்பாங்களா?"

"அம்மா பொய் சொல்லலன்னாவது தெரியட்டும்!"

"தெரிஞ்சா அந்தப் பொண்ணு தூக்குல தொங்கும். உடையாததைப் போய் எடுத்துட்டோம், வலி வெறும் பயம்தான்னு நினைச்சுக்கும்!"

"வெறும் பயம்னு யாருடி சொன்னா? மறுபடியும் சொல்லு, அந்தப் புனலை உன் வாயில..."

"நீ கையை எடு முதல்ல! எம் மேல படாத!"

கறித் தொட்டி ஆடியது. பிடியுங்கள், யாராவது தொட்டியைப் பிடியுங்கள்...